ஜூம் ஐபீஸை 24-இல் வைத்தால் வானம் ஏன் சுருங்குகிறது?

கேள்வி: திருநெல்வேலியில் இருக்கிறேன். 130 மி.மீ. ஆடியும் 650 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட மேஜை டாப்சோனியன் (எளிய தாங்கியில் கையால் திருப்பும் வகை) தொலைநோக்கி வைத்திருக்கிறேன். கூடவே 25, 10 மி.மீ. ஐபீஸ்கள் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்கள்) வந்தன. இருட்டில் அவற்றை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போய், வளையத்தைத் திருப்பிக் குவியத் தூரத்தை மாற்றக்கூடிய 8-24 மி.மீ. ஜூம் ஐபீஸ் ஒன்று வாங்கினேன். 24-இல் வைத்தால் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கிறது. 8-க்குத் திருப்பினால் படம் கலங்கிவிடுகிறது, மறுபடி ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கிறது. பழுதான பொருளா? திருப்பி அனுப்பிவிடலாமா? பழைய இரண்டையும் விற்றுவிடலாம் என்று வேறு நினைத்திருந்தேன்.

பதில்: திருப்பி அனுப்ப அவசரப்பட வேண்டாம். அந்த 25 மி.மீ. ஐபீஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விற்றுவிடாதீர்கள்.

முதலில் குழாய் விஷயம். தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். உங்கள் ஜூமில் 24-இல் 27 மடங்கு, 8-இல் 81 மடங்கு. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விளம்பரங்கள் பெரிதாகச் சொல்லாதது, ஜூமைத் திருப்பும்போது பார்வைப் புலத்தின் அகலமும் சேர்ந்து மாறுகிறது என்பதுதான். சாதாரண 8-24 ஜூம்களில் 24-இல் தோற்றப் புலம் (ஐபீஸுக்குள் தெரியும் வட்டம் கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தோன்றுகிறது என்பது) 40 டிகிரி அளவில்தான் இருக்கும். 8-க்கு வரும்போது 60 டிகிரியை எட்டும். கூடுதல் விலையுள்ள பாடர் ஹைப்பீரியன் ஜூம்கூட 24-இல் 50 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. 3-6 மி.மீ. நாக்லர் ஜூமைப் போல எல்லா இடத்திலும் ஒரே 50 டிகிரி தரும் ரகங்களும் உண்டு. ஆனால் அதன் வேலையும் விலையும் வேறு.

தோற்றப் புலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் உண்மையில் தெரியும் வானத்தின் அகலம் வரும். 40-ஐ 27-ஆல் வகுத்தால், 24-இல் உங்களுக்கு வானத்தில் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றரை டிகிரி. உங்கள் பழைய 25 மி.மீ. ஐபீஸுக்கு 50 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 26 மடங்கில் 1.9 டிகிரி வருகிறது. உருப்பெருக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் பரப்பில் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான வானம்! கார்த்திகைக் கூட்டத்தை இரண்டிலும் பார்த்தால் உடனே புரியும். 25-இல் அது சுற்றிலும் இருண்ட இடம் விட்டு அழகாக நிற்கும்; ஜூமில் விளிம்பை நெருங்கிவிடும். பொருளைத் தேடிப் பிடிக்கவும், அகலமான கூட்டங்களைப் பார்க்கவும் 25 உங்களுக்கு என்றைக்கும் வேண்டும்.

8-இல் நிலைமை தலைகீழ். 81 மடங்கில் முக்கால் டிகிரி வானம் தெரியும். அரை டிகிரி அகலமுள்ள முழு நிலா அதற்குள் தாராளமாக அடங்கும். பழைய 10 மி.மீ. 65 மடங்கில் காட்டுவதும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆகவே 10-ஐக் கொடுத்துவிடலாம். அதற்கு முன் அதை வைத்து ஒரு சோதனை செய்துவிடுங்கள்: ஜூமை 10-க்குப் பக்கத்தில் நிறுத்தி நிலாவின் பள்ளங்களைப் பாருங்கள், பிறகு 10 மி.மீ.யைப் போட்டு அதே இடத்தைப் பாருங்கள். நடுப்பகுதிக் கூர்மையில் ஜூம் தெளிவாகத் தோற்றால் மட்டும் திருப்பி அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம்.

மறுபடி ஃபோகஸ் செய்ய வேண்டியிருப்பது பழுதல்ல. ஜூமுக்குள் லென்ஸ் தொகுதிகள் நகர்ந்து இடைவெளி மாறும்போது குவியும் இடமும் கொஞ்சம் தள்ளிப்போகிறது. பெரும்பாலான ஜூம்களில் இது இருக்கும். இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. தொடக்கத்தில் ஒரு முறை 8-இல் வைத்து, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைக் கூர்மையான புள்ளியாக்கிவிடுங்கள். அதன்பின் 24-க்குப் போனால் சிறு பிசகு இருந்தாலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பொருளை நடுவில் கொண்டுவந்து மெல்ல 8-ஐ நோக்கித் திருப்பினால், ஃபோகஸர் குமிழைத் தொட்டால் போதும், படம் சரியாகிவிடும். 24-இல் ஃபோகஸ் செய்துவிட்டு 8-க்குப் போனால்தான், 24-இல் தெரியாத பிசகு மூன்று மடங்காகி உங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

திருப்பும்போது ஒரு கையால் ஐபீஸின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபோகஸரின் திருகு தளர்வாக இருந்தால் வளையத்துக்குப் பதிலாக ஐபீஸே முழுதாகச் சுழலும், டாப்சோனியனும் கூடவே நகரும். பொருள் காணாமல் போனதற்கு ஜூமைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஃபோகஸ் செய்த பிறகும் 8-இல் கலங்கலாகத்தான் இருக்கிறது என்றால், ஜூமைச் சந்தேகிப்பதற்கு முன் வேறு இரண்டைச் சந்தேகியுங்கள்.

ஒன்று, காற்று. பகல் முழுக்க வெயிலைக் குடித்த மொட்டை மாடி, இருட்டிய பிறகும் வெகுநேரம் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். முன்னிரவில் வியாழன் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்தால் அது உங்கள் தளத்தின் வேலை. நள்ளிரவுக்குமேல் பாருங்கள், அல்லது புல்தரையோ மண்தரையோ இருந்தால் அங்கே வையுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த கையோடு பார்க்கவும் கூடாது. ஈரக்காற்றில் ஐபீஸின் கண்ணாடி உடனே பனித்துவிடும்.

இன்னொன்று, ஆடிகளின் ஒழுங்கு. உங்களுடையது எஃப்/5 (குவியத் தூரம் ஆடியின் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு) நியூட்டன் வகை, அதாவது ஆடிகளால் ஒளியைக் குவிப்பது. இவற்றில் ஆடிகள் கொஞ்சம் விலகினாலும் உயர்ந்த உருப்பெருக்கத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். 8-இல் ஒரு நட்சத்திரத்தைச் சரியாக நடுவில் வைத்து, ஃபோகஸை லேசாக விலக்குங்கள். கறுப்பு வட்டத்தைச் சுற்றி ஒரே மையத்தில் வளையங்கள் தெரிந்தால் சரி. ஒரு பக்கம் ஒதுங்கினால் ஆடிகளைத் திருத்த வேண்டும். மேலைநாட்டு வழிகாட்டிகள் இதற்குத் துருவ நட்சத்திரத்தைப் பரிந்துரைக்கும், அது நகராது என்பதால். திருநெல்வேலியில் அது அடிவானத்துக்கு மேல் சுமார் 9 டிகிரியில் கிடக்கிறது. அந்த உயரத்தில் காற்று எதையும் ஒழுங்காகக் காட்டாது. தலைக்கு மேலே இருக்கும் நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நகர்ந்தால் நகர்ந்துவிட்டுப் போகட்டும்.

விளிம்பில் மட்டும் நட்சத்திரங்கள் இழுபட்டுத் தெரிந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். எஃப்/5-இல் ஆடியே விளிம்பில் வால் போடும், ஐபீஸும் தன் பங்குக்குச் சேர்க்கும்.

இத்தனை குறையோடு ஜூம் எதற்கு என்று கேட்பீர்கள். அன்றைய இரவுக்கும் அந்தப் பொருளுக்கும் எந்த உருப்பெருக்கம் பொருந்தும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஜூமில் அதைத் திருப்பியே கண்டுபிடித்துவிடலாம். மே மாத நடுவில் இரவு பத்து மணிவாக்கில் தெற்கே உச்சிக்கு வரும் ஒமேகா செண்டாரியைப் பிடியுங்கள். ஐரோப்பியர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்காத இந்தக் கோளக் கூட்டம் (பந்துபோல் நெருங்கிய நட்சத்திரத் திரள்) நம் ஊரில் 34 டிகிரி உயரத்துக்கு வருகிறது. 24-இல் அது வெறும் பஞ்சுப் பொட்டு. மெல்லத் திருப்புங்கள். உருப்பெருக்கம் மூன்று மடங்காகும்போது பின்னணி வானத்தின் பிரகாசம் ஒன்பதில் ஒரு பங்காகிறது. நட்சத்திரங்களோ புள்ளிகளாகவே இருப்பதால் இருட்டிலிருந்து எழுந்து வரும். 12-ஐத் தாண்டும்போது ஓரங்களில் தனித்தனிப் புள்ளிகள் பிரியத் தொடங்கும். நிலையான இரண்டு ஐபீஸ்களில் இந்த மாற்றத்தைப் பார்க்கவே முடியாது. இரட்டை நட்சத்திரங்களும் அப்படித்தான். புனர்பூசத்தின் காஸ்டரை எடுத்துக்கொண்டு, இரண்டாகப் பிரியும்வரை திருப்பிப் பாருங்கள்.

இங்கே ஒரு பழக்கத்தை விட வேண்டும்: 8 என்று எழுதியிருக்கிறது என்பதற்காகக் கடைசிவரை திருப்புவது. கோளைப் பார்க்கும்போது விவரம் கூடிக்கொண்டே வரும். ஓரிடத்தில் படம் பெரிதாகும், விவரம் கூடாது. அங்கேயே ஒரு நூல் பின்வாங்கி நிறுத்துங்கள். வளையத்தில் இருக்கும் எண்கள் தோராயமானவை, அவற்றை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

காற்று நிதானமாக இருக்கும் இரவுகளில் 81 மடங்கு போதவில்லை என்று தோன்றினால், இரண்டு மடங்கு பார்லோ லென்ஸ் (ஐபீஸுக்கு முன்னால் பொருத்தி உருப்பெருக்கத்தைக் கூட்டும் லென்ஸ்) ஒன்று வாங்குங்கள். ஜூம் 4-12 ஆகிவிடும், அதாவது 54 முதல் 162 மடங்கு. உங்கள் 130 மி.மீ. ஆடிக்கு அது நியாயமான எல்லை. பார்லோ ஒளிக்கற்றையை எஃப்/10 ஆக மென்மையாக்குவதால் ஜூமின் விளிம்பும் முன்பைவிட நன்றாக இருக்கும். பூமிக்கு அருகில் வரும் காலத்தில் வியாழன் 45 விகலை (ஒரு விகலை என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) அகலம்; 162 மடங்கில் அது வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலாவைவிட நான்கு மடங்கு அகலமாகத் தெரியும்.

கடைசியாகப் பராமரிப்பு. நகரும் பாகங்கள் இருப்பதால் ஜூமுக்குள் தூசி புகுந்து, நிலாவைப் பார்க்கும்போது சில இடங்களில் கறுப்புப் புள்ளியாகத் தெரியலாம். அதற்காகப் பிரிக்காதீர்கள், மறுபடி பொருத்துவது கடினம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். பையை அவ்வப்போது காயவைக்க வேண்டும்.