பச்சை மீனும் பிரெஞ்சு வெண்ணெயும்

கேள்வி: ஜப்பானில் கடற்கரையிலேயே ஹோட்டல் கட்டி, அன்றன்று பிடித்த பச்சை மீனை பிரெஞ்சு முறையில் வெண்ணெய் ஊற்றிச் சமைத்து, கொள்ளை விலைக்கு விற்கிறார்களாமே? பச்சையாகவே தின்னத் தெரிந்த நாட்டில் இது அநியாயம் இல்லையா?
(வாசகி, குளச்சல்)

பதில்: 'ஃப்ரெஷ்' என்று எழுதாமல் 'பச்சை மீன்' என்று எழுதினீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். பச்சைப் பிள்ளை, பச்சை உடம்புக்காரி, பச்சை மண், பச்சைத் தண்ணீர், பச்சைப் பொய்! வேகாததும் நமக்குப் பச்சை, வாடாததும் பச்சை. உங்கள் கோபம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதால் வந்தது. அடுப்பில் ஏறிய பிறகும் ஒரு பொருள் வாடாமல் இருக்க முடியும்.

மியே மாநிலத்தில், ஷிமா கரையோரத்து அகோ வளைகுடாவில் காஷிகோஜிமா என்றொரு குட்டித் தீவு. அங்கே 1951-ல் திறந்தது ஷிமா கான்கோ ஹோட்டல். அதன் பிரெஞ்சு உணவகம் 'லா மேர்', அதாவது கடல். 29 வயதில் தலைமைச் சமையற்காரரான தகாஹாஷி தாதாயுகி, அந்தக் கரையின் அபலோனையும் சிங்கி இறாலையும் வைத்தே தன் பிரெஞ்சுச் சமையலைக் கட்டினார். அவர் வகுத்த விதி: நெருப்பில் பட்டும் புதிது, உருமாறியும் இயல்பு.

அபலோன் நத்தை இனம், ஜப்பானியில் அவாபி. பச்சையாகக் கடித்தால் குருத்தெலும்பு போலக் கறுக்கென்றிருக்கும். அதை முள்ளங்கியோடு மணிக்கணக்கில் வேகவைத்து, பிறகு வாட்டி, பழுப்பேறக் காய்ச்சிய வெண்ணெயை மேலே விடுகிறார்கள். சதை இளகிவிடும், கடல் வாசம் போகாது. 2016-ல் ஜி-7 தலைவர்கள் வந்தபோதும் இந்த ஹோட்டலில்தான் விருந்து. அப்போது தலைமைச் சமையற்காரர் ஹிகுச்சி ஹிரோஏ என்ற பெண்மணி.

பச்சையாகத் தின்பதே உயர்வு என்றால், பக்கத்திலேயே இருக்கும் ஈசே கோயிலைப் பாருங்கள். சூரியதேவி அமதெராசுவுக்குக் குசாகி ஊரிலிருந்து போகும் படையல் பச்சை அபலோன் இல்லை. நாடாவாகச் சீவி வெயிலில் உலர்த்திய அபலோன். உங்கள் ஊரில் அதற்குக் கருவாடு என்று பெயர்.

சில மாதம் முன்பு, மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புரா போர்ச்சுக்கீசியர் வழியாக ஜப்பானுக்குள் வந்தது என்று இதே பக்கத்தில் எழுதினேன். 'கலப்படத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்' என்று இன்னும் திட்டிக் கடிதம் வருகிறது. வரட்டும். குளச்சலில் மரச்சீனிக் கிழங்கை அவித்து மீன்குழம்போடு பிசைந்து தின்கிறீர்களே, அந்தக் கிழங்கும் குழம்பில் சிவக்கிற மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களின் சரக்கு. எந்த வீட்டிலாவது அதை அந்நியச் சாப்பாடு என்று ஒதுக்கினார்களா? கடல் உங்களுடையது, கைப்பக்குவம் உங்களுடையது, ஆகவே சோறும் உங்களுடையது. ஷிமாக்காரர்களுக்கும் அந்த உரிமையைக் கொடுங்கள்.

விலையைப் பற்றிய கோபத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். ஆனால் என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கரையில் அபலோனுக்காக முக்குளிப்பவர்கள் பெண்கள். 'அமா' என்பார்கள். காற்றுக் குழாய் கிடையாது; ஐம்பது விநாடி மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, பாறையில் ஒட்டியதை இரும்புக் கம்பியால் நெம்பி எடுக்க வேண்டும். மேலே வந்ததும் அவர்கள் விடும் மூச்சு சீழ்க்கையாகக் கேட்கும். எடுத்த ஓட்டின்மேல் அளவுகோலை வைத்துப் பார்க்கிறார்கள், 10.6 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலுக்கு. சிங்கி இறாலுக்கும் மே முதல் செப்டம்பர் வரை தடைக்காலம். நீங்கள் சொன்ன 'பச்சை' சமையலறையில் ஆரம்பிப்பதில்லை. வேண்டாம் என்று திருப்பிப் போடுகிற அந்தக் கையில் ஆரம்பிக்கிறது.

டோபா, ஷிமா கரைகளில் 1949-ல் 6,000 பேருக்கு மேல் இருந்த அமாக்கள் இன்று ஆயிரம்கூட இல்லை. இருப்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் பேத்திகள் கடலில் இறங்க மனமில்லாமல் வேறு வேலைக்குப் போகிறார்கள். அந்தத் தட்டுக்கு வைத்த விலையில் முக்குளித்தவருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று கேளுங்கள், அம்மா. வெண்ணெயை விட்டுவிடுங்கள்.