ஈறு கரைந்து ஆடும் பல்லுக்கு ஜப்பானில் மருந்து வந்துவிட்டதா?

கேள்வி: "ஈறு இறங்கி, தாடை எலும்பு கரைந்து பல் ஆடுகிறது. எலும்பைத் திரும்ப வளர்க்கும் மருந்து ஜப்பானில் வந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா? யாராவது போட்டுக்கொண்டிருக்கிறீர்களா?"

நான் போட்டுக்கொண்டேன், ஒரு பல்லுக்கு. இன்னொரு பல்லுக்கும் கேட்டேன், டாக்டர் முடியாது என்றுவிட்டார். அந்த இரண்டாவது பல்லையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

ஒசாகாவில் 11 வருடமாக இருக்கிறேன், மென்பொருள் வேலை. பல் தேய்க்கும்போது ரத்தம் வந்ததை ஏழெட்டு வருடம் "பிரஷ் முரடு" என்று சொல்லியே ஓட்டியவன். வலி என்று ஒன்று இருந்திருந்தால் ஓடியிருப்பேன், ஈறு நோயில் அது பெரும்பாலும் வருவதில்லை. ஊரிலிருந்து வந்த முறுக்கைக் கடித்த ஒரு நாள், கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் லேசாக அசைந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

மருத்துவமனையில் அளவு குறித்த மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஒவ்வொரு பல்லாக எண் சொல்லிக்கொண்டே போனார்கள். 3 மி.மீ. வரை இருந்தால் கவலையில்லை. என் கடைவாய்ப்பல்லுக்கு வந்தபோது 8 என்றார்கள். எக்ஸ்ரேயில் வேரின் ஒரு பக்கம் மட்டும் ஆப்பு வடிவில் கறுப்பாக ஒரு குழி.

பல் என்பது சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் நேராக இறங்கியிருக்கவில்லை. வேரின் மேல் சிமென்டம் என்று ஒரு மெல்லிய பூச்சு, அதற்கும் எலும்புக்கும் நடுவே இழுத்துக் கட்டிய நார்கள், அதற்கு வெளியே எலும்பு. நாரின் ஒரு முனை பூச்சில் புதைந்திருக்க வேண்டும், மறுமுனை எலும்பில். வெறுமனே எலும்பு வளர்ந்தால் மட்டும் பல் பிடிப்பு வந்துவிடாது, மூன்றும் சேர்ந்து வர வேண்டும். சிக்கல் என்னவென்றால், உள்ளே சுத்தம் செய்து விட்டதும் முதலில் ஓடி வருவது ஈறின் தோல். அது வேரை ஒட்டி வழிந்து இறங்கி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புண் ஆறிவிடும், ஆனால் நார் வராது. எந்தச் செல் முதலில் இடம் பிடிக்கிறதோ அதுதான் ஆறும் விதத்தைத் தீர்மானிக்கிறது என்று மெல்ச்சர் என்ற ஆய்வாளர் 1976-ல் எழுதினார். 1982-ல் ஸ்வீடனில் நைமன் குழுவினர் தோலுக்கும் வேருக்கும் நடுவே ஒரு சவ்வைத் தடுப்பாக வைத்து, மனிதப் பல்லில் புதிய நார்ப்பிடிப்பு வருவதைக் காட்டினார்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். தோலைத் தடுப்பதற்குப் பதிலாக, வேர்ப்பக்கத்துச் செல்களை வேகமாகப் பெருக வைத்தால் என்ன? ஒசாகா பல்கலைக்கழகத்தில் முராகாமி குழுவினர் பல வருடம் இதற்காகத்தான் உழைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது எஃப்ஜிஎஃப்-2 என்ற புரதம். நம் உடம்பே தயாரிப்பதுதான். செல்களைப் பெருக்கும், புது ரத்தக்குழாய்களை வரவழைக்கும். படுக்கைப் புண்ணுக்கு ஸ்ப்ரேயாக இதே புரதம் ஜப்பானில் 2001-லேயே வந்துவிட்டது. ஈறு நோய்க்கான வடிவம் ரிக்ரோஸ் என்ற பெயரில் 2016-ல் அனுமதி பெற்றது. இங்கே அரசுக் காப்பீட்டிலும் வருகிறது, நான் கட்டியது 30 சதவீதம்தான்.

இது மாத்திரையோ பேஸ்ட்டோ இல்லை. ஈறைக் கீறித் திறந்து, குழியையும் வேரையும் சுரண்டிச் சுத்தம் செய்து, கொழகொழவென்று இருக்கும் அந்தக் கரைசலை உள்ளே விட்டுத் தைத்துவிடுகிறார்கள். மரத்துப்போக ஊசி போடுவதால் அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயமில்லை. அதற்கு முன்னால் நான்கு மாதம் வெறும் கிளீனிங்குக்கும் பிரஷ் செய்யும் பாடத்துக்கும் இழுத்ததுதான் எரிச்சல். "மருந்து எப்போது?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "ரத்தம் வருவது நிற்கட்டும்" என்பார் சென்செய். இங்கே டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் ஏன் இழுத்தார் என்பது பின்னால் சோதனை முடிவுகளைப் படித்தபோது புரிந்தது. ஜப்பானில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், 36 வாரம் கழித்து, மருந்து போட்டவர்களுக்குக் குழியில் சுமார் 37 சதவீதம் எலும்பு நிரம்பியிருந்தது. அதே அறுவை செய்து மருந்தில்லாத வெறும் கரைசல் போட்டவர்களுக்குச் சுமார் 22 சதவீதம். மருந்தின் வேலை நிஜம்தான், ஆனால் அந்த 22 மருந்தால் வந்ததில்லை. சுரண்டிச் சுத்தம் செய்ததற்கே கிடைத்தது. 37 என்பதும் 100 இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு ஒன்பது மாதம் கழித்து 8 மி.மீ. 4-ஆக இறங்கியது. எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்பு ஆப்பு பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகியிருந்தது. முறுக்கு கடிக்கிறேன்.

இப்போது இரண்டாவது பல், மேல்வரிசை முன்பல். அங்கே எலும்பு ஒரு பக்கம் குழியாகாமல் சுற்றிலும் ஒரே மட்டமாக இறங்கியிருந்தது. தென்னை மரத்தடியில் ஒரு பள்ளம் தோண்டியிருந்தால் மண் போட்டு நிரப்பலாம். வெள்ளம் வந்து தோப்பு முழுக்க ஒரு முழம் மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தால் எங்கே கொட்டுவீர்கள், எது அதைத் தாங்கி நிற்கும்? மருந்துக்கும் சுவருள்ள குழி வேண்டும். குறைந்தது 3 மி.மீ. ஆழமாவது இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "என் எலும்பு குழியாகக் கரைந்திருக்கிறதா, மட்டமாக இறங்கியிருக்கிறதா?" என்பதுதான். மட்டமாக என்றால் எந்த நாட்டு மருந்துக்கும் ஆசைப்பட்டுப் பணத்தை விடாதீர்கள்.

வாயில் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், முன்பு இருந்தவர்களுக்கும் இந்த மருந்து கிடையாது. செல்லைப் பெருக்குகிற பொருளாயிற்றே.

ஊரில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம், வழிகள் வேறு உண்டு. பன்றிக்குட்டியின் வளரும் பல்லிலிருந்து எடுக்கும் புரத ஜெல் ஸ்வீடனில் பிறந்து 1990-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. எம்டோகெயின் என்று பெயர், சைவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எலும்புத் துகள், சவ்வு, நம் ரத்தத்திலிருந்தே எடுக்கும் பிஆர்எஃப் எல்லாம் நம் ஈறு மருத்துவர்கள் செய்வதுதான். கொலஸ்ட்ராலுக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாடினை ஜெல்லாக்கி ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விட்டுப் பார்த்தது பெங்களூரு அரசு பல் மருத்துவக் கல்லூரி. முடிவுகள் நம்பிக்கை தந்தன, ஆனால் சின்னச் சோதனைகள். எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் டெரிபாரடைட் ஊசியை அமெரிக்காவின் மிச்சிகனில் 40 பேரிடம் ஆறு வாரம் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் எலும்பு 29 சதவீதம் கூடியது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 3. அசத்தலான எண்தான், இருந்தாலும் 40 பேர் என்பது 40 பேர்தான். 20 மி.கி. டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதித் தந்தால் அது எலும்பை வளர்க்க அல்ல, நாரைக் கரைக்கும் என்சைமை அடக்க.

சுகர் கட்டுப்பாட்டில் இல்லாமலும் சிகரெட்டை விடாமலும் இதில் எதைப் போட்டாலும் பலன் குறையும். சிகரெட்டை நான் விட்டேன், சுகர் இன்னும் இழுபறி.

அப்புறம் வாட்ஸ்அப்பில் சுற்றும் "ஜப்பானில் பல் முளைக்க மருந்து" வேறு சமாச்சாரம். அது புதுப் பல்லையே முளைக்க வைக்கும் முயற்சி, பிறவியிலேயே பல் முளைக்காதவர்களை மனதில் வைத்துச் செய்கிறார்கள். கியோட்டோவில் 2024 அக்டோபரில்தான் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை தொடங்கியது. உங்கள் ஆடும் பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திருநெல்வேலியில் இருக்கும் என் அக்காவும் அதைப் பார்த்துவிட்டு, "ஏல, சப்பான்ல பல்லு மொளைக்க மருந்து வந்துட்டாம்லா, வரும்போது ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வா" என்றாள். போன தடவை அவளுக்குப் பல் இடுக்கில் விடும் குட்டி பிரஷ் நான்கு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். "பால் பாட்டில் கழுவுறதுக்கா?" என்று கேட்டாள்.