இரும்பு ஆக்சைடு: அடைப்புக்குறிக்குள் 2 வருமா, 3 வருமா?

இரண்டு இரும்பும் மூன்று ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மத்தின் பெயரில், இரும்புக்குப் பின் அடைப்புக்குறிக்குள் 2 போடுவதா, 3 போடுவதா என்று கேட்டிருந்தீர்கள். 3 தான். இரண்டு இரும்பும் மூன்று ஆக்சிஜனும் உள்ள அந்தச் சேர்மம் இரும்பு(3) ஆக்சைடு. (விடைத்தாளில் ரோமன் எண்ணாக எழுதுங்கள்.) அந்த எண் ஒவ்வொரு இரும்பு அயனியின் மின்சுமையைச் சொல்கிறது, அணுக்களின் எண்ணிக்கையை அல்ல.

வாய்பாட்டில் இரும்புக்குக் கீழே இருக்கும் சின்ன 2-ஐ அப்படியே தூக்கிப் பெயரில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நிறையப் பேர் சறுக்குவது அங்கேதான்.

சரிபார்க்க இப்படிச் செய்யுங்கள்:

1. ஆக்சைடு அயனிக்கு மின்சுமை எதிர்க்குறி 2. மூன்று இருப்பதால் மொத்தம் எதிர்க்குறி 6.
2. சேர்மம் நடுநிலையாக இருக்க இரும்பின் பக்கம் நேர்க்குறி 6 வேண்டும். அதை இரண்டு இரும்புக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 3.

இதையே இரண்டு தாமிரம், ஒரு ஆக்சிஜன் உள்ள சேர்மத்துக்குப் போட்டுப் பாருங்கள். கீழே 2 இருந்தும் பெயர் தாமிரம்(1) ஆக்சைடு.

அப்புறம் 'டைஇரும்பு ட்ரைஆக்சைடு' என்று ஏன் சொல்வதில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். டை, ட்ரை எல்லாம் பள்ளி அளவில் இரண்டு அலோகங்கள் சேரும்போதுதான், கார்பன் டைஆக்சைடு மாதிரி.

ஒரு எச்சரிக்கை: மூன்று இரும்பு, நான்கு ஆக்சிஜன் உள்ள மேக்னடைட்டில் இந்தக் கணக்கு பின்னத்தில் முடியும். கணக்கு தப்பில்லை, அதில் இரும்பு(2), இரும்பு(3) இரண்டும் கலந்திருக்கின்றன. பெராக்சைடுகளிலும் (இரண்டு ஆக்சிஜன் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் சேர்மங்கள்) கவனம், அங்கே ஆக்சிஜன் ஒவ்வொன்றுக்கும் எதிர்க்குறி 1 தான்.