ஆயாவும் நாற்காலியும்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் ஒரு பயிலரங்குக்குப் போயிருந்தேன். 'உடலைக் காலனியத்திலிருந்து மீட்பது' என்று தலைப்பு. வெள்ளைக்காரன் நாற்காலியைக் கொண்டுவந்து நம் உடலைக் கெடுத்தான், தரையில் உட்காருங்கள், குத்தவைத்துப் பழகுங்கள் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாற்காலியே இல்லாத வீட்டில் வாழ்ந்த எங்கள் ஆயாவால் குனியவே முடிவதில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

எஸ்., பென்னாகரம்

அன்புள்ள எஸ்.,

நாற்காலியை விடுங்கள், அது சின்ன விஷயம். காலனி ஆட்சி நம் உடலில் கைவைத்த இடம் வேறு. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், காலிப்பரும் கையுமாக ஜனங்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில் பல சாதிகளின் மூக்களவு இருக்கிறது. அளக்கக் கொடுத்தவருக்கு அதனால் காலணா பிரயோஜனமில்லை. 1911இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்த சாதிக்காகவே கைரேகை கேட்டது.

அதற்காக, தரைக்குத் திரும்பினால் மீட்சி என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. யார் திண்ணையில், யார் வாசலில், துண்டை இடுப்பில் கட்டி நிற்பது யார் என்பதெல்லாம் வெள்ளைக்காரன் வரும் முன்பே முடிவாகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததற்காக அடிவாங்கியவரிடம் போய், தரைதான் நம் மரபு என்று சொல்லிப் பாருங்கள்!

சரி, ஆயாவுக்கு வருவோம். நான் மருத்துவன் இல்லை. ஆனால் தர்மபுரிப் பக்கம் ஒருவருக்கு முதுகு இறுகினால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். இங்குள்ள பாறையில் ஃபுளோரைடு என்ற உப்பு உண்டு, அது நிலத்தடி நீரில் கரைந்து வரும். அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை, பல் உருவாகும் சின்ன வயதில் குடித்து வந்தால் பல் கறையாகும். அளவு கூடிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் காசை எடுக்கச் சொல்வார்கள். மோவாயால் நெஞ்சைத் தொடச் சொல்வார்கள். கையை மடக்கிப் பிடரியைத் தொடச் சொல்வார்கள். இதுவும் உடலை அளப்பதுதான். ஆனாலும் தர்ஸ்டனின் காலிப்பரோடு சேர்த்து இதைத் திட்டமாட்டேன். இங்கே பதில் ஆயா கைக்கே வருகிறது.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இந்தத் தொல்லைக்காகத்தான். அந்தத் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணியைக் காய்ச்சிக் குடிப்பீர்கள் என்றால், அது உதவாது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். அப்புறம், களி கிண்டுவது எந்தத் தண்ணீரில்? அதையும் கேளுங்கள். ஆயாவை மருத்துவரிடம் காட்டுங்கள், போர் தண்ணியில் ஒரு பாட்டில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.