ஞாயிறு பள்ளி வாத்தியார்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். 'விசுவாசத்தை ஒழுங்காகச் சுமந்த அரசியல்வாதி' என்று ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன். தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் எங்கள் ஆலயத்துக்கு வருவார்கள், முன்வரிசையில் உட்காருவார்கள், ஜெபிக்கச் சொல்வார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் 'இவர் நம்ம ஆள்' என்ற பேச்சு தொடங்கிவிடும். என் நண்பர்களோ, மதம் எந்த உருவத்தில் அரசியலுக்குள் வந்தாலும் விஷம்தான் என்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் சேர முடியாமல் நிற்கிறேன்.

கார்ட்டரும் 'மறுபடியும் பிறந்தவன்' என்று சொல்லி ஓட்டு வாங்கியவர்தானே? அவருடைய விசுவாசத்தால் அமெரிக்காவுக்கு என்ன கிடைத்தது? நல்ல மனிதர், தோற்றுப்போன அதிபர் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

அன்புடன்,
எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஆலயத்தின் முன்வரிசையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் இன்னொரு ஆலயத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்று ஒரு சின்ன ஊர். சில நூறு பேர் வசிக்கிற இடம், சுற்றிலும் வேர்க்கடலைச் சாகுபடி. கார்ட்டர் குடும்பத்துக்கு அங்கே கடலை மண்டி. 1965-ல் அந்த ஊர் பாப்டிஸ்ட் சபையில் ஒரு தீர்மானம் வந்தது. கறுப்பின மக்கள் ஆராதனைக்கு வந்தால் உள்ளே விடக்கூடாது என்பதுதான் தீர்மானம். கார்ட்டர் அப்போது மாநில செனட்டர். எழுந்து எதிர்த்துப் பேசினார். ஓட்டெடுப்பில் தீர்மானத்துக்கு ஆதரவாக ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள், எதிராக ஆறே பேர். அந்த ஆறில் ஐந்து கார்ட்டர் வீட்டு ஓட்டு. மற்றவர்களில் நிறைய பேர் எந்தப் பக்கமும் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சபையில் இருந்தவர்கள்தான் அவருடைய மண்டிக்குக் கடலை கொண்டுவருகிறவர்கள், அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். அதற்குச் சில வருடம் முன்னால் இனப் பிரிவினையைக் காக்க அமைந்த வெள்ளையர் சங்கத்தில் சேர மாட்டேன் என்று சொன்னதற்காக மண்டியைப் புறக்கணித்த ஊர் அது. ஐந்து டாலர் சந்தா, அதையும் நாங்களே கட்டுகிறோம் என்றார்கள். அப்போதும் மறுத்தார். விசுவாசம் ஒரு அரசியல்வாதிக்கு எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஆறு கைகள்தான். தன் சொந்தச் சபைக்கு எதிராகவே தூக்க வைத்த விசுவாசம் அது.

அடுத்த ஆண்டு, 1966-ல், கவர்னர் தேர்தலுக்கான கட்சித் தேர்வில் தோற்றார். ஜெயித்தவர் லெஸ்டர் மேடக்ஸ். தன் ஓட்டலுக்கு வந்த கறுப்பினத்தவரைத் துப்பாக்கியையும் கோடரிக் காம்பையும் காட்டி விரட்டிப் பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவரிடம் தோற்றதில் கார்ட்டர் உடைந்துபோனார். கடவுள் எப்படி இதை அனுமதித்தார் என்று தங்கை ரூத்திடம் கேட்டிருக்கிறார். நீங்கள் சொல்லும் 'மறுபடியும் பிறந்த' அனுபவம், அதாவது கடவுளிடம் புதிதாகத் திரும்பிய அனுபவம், அந்தத் தோல்விக்குப் பிறகு வந்தது.

அந்தக் காலத்தைப் பற்றி அவரே எழுதிய ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். பிளெய்ன்ஸ் சபையில் வருடாவருடம் சில வீடுகளுக்குப் போய்ச் சுவிசேஷம் சொல்வார்கள். பதினாலு வருடத்தில் இப்படிக் கடவுளுக்காகத் தான் போன வீடுகளைக் கூட்டிப் பார்த்தார். 140. சபையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அப்புறம் தேர்தலில் தனக்காக எத்தனை பேரிடம் போய்க் கை குலுக்கினோம் என்று யோசித்தார். மூன்று லட்சம். ஞாயிறு பள்ளியில் பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபம்பண்ணப் போன கதையை நாமெல்லாம் படித்திருக்கிறோம். தன் நல்ல செயல்களைக் கடவுளிடமே பெருமையாகச் சொன்னவன் அந்தப் பரிசேயன். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் தன்னை அவனாகக் கண்டுகொண்டார் கார்ட்டர்.

அதன்பின் மிஷன் வேலைக்கு வெளியூர்களுக்குப் போனார். மாசசூசெட்ஸில் எலோய் குரூஸ் என்ற கியூபப் போதகரோடு ஏழை ஸ்பானிய மொழிக் குடும்பங்களைப் பார்க்கப் போனபோது, இந்த மனிதர் பேசினால் எல்லோரும் எப்படி இளகிவிடுகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டார். இரண்டு அன்பு போதும் என்றார் குரூஸ். ஒன்று கடவுள் மேல், மற்றது அந்த நேரத்தில் உன் எதிரில் இருக்கிற ஆள் மேல். கார்ட்டர் சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இந்த அனுபவத்துக்கெல்லாம் பிறகுதான் 1970 கவர்னர் தேர்தல் வந்தது. அதில் கார்ட்டர் இனப் பிரிவினையை விரும்பிய வெள்ளையர்களின் ஓட்டுக்காக வளைந்து கொடுத்தார். இனப் பிரிவினைக்குப் பேர்போன அலபாமா அரசியல்வாதி ஜார்ஜ் வாலஸைப் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்படி பேசினார். ஜெயித்தார். 1971 ஜனவரியில் பதவியேற்ற அன்று, இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று மேடையிலேயே அறிவித்தார். அந்தப் பேச்சை நான் மதிக்கிறேன். ஆனால் அது முந்தைய பிரச்சாரத்தைக் கழுவிவிடாது. சபையில் தைரியமாகக் கை தூக்கிய அதே மனிதர் ஓட்டுக்காகக் குனிந்தார். விசுவாசி என்பதால் ஒருவர் சறுக்க மாட்டார் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, வெள்ளை மாளிகைக்கு வருவோம். 1976-ல் நிருபர்கள் கேட்டபோது தன் நம்பிக்கையை வெளிப்படையாகச் சொன்னார், அதனால் சுவிசேஷ சபையாரின் ஓட்டு நிறைய விழுந்தது. நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் ஜெயித்த பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். நிக்சன் காலத்தில் வெள்ளை மாளிகைக்குள்ளேயே ஞாயிறு ஆராதனை நடந்தது. பெரிய பிரசங்கியார்கள் வருவார்கள், அழைப்பு கிடைத்தவர்களுக்கு அது ஒரு கௌரவம். கார்ட்டர் அதைத் தொடரவில்லை. அரசின் வீட்டுக்குள் சபை நடத்தக்கூடாது என்பது அவர் நிலை. வாஷிங்டனில் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்துக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்தார். அங்கே சில ஞாயிறுகளில் பாடமும் எடுத்தார். பாப்டிஸ்டுகளின் பழைய வழக்கப்படி சபையும் அரசும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நம்பினார். கருக்கலைப்பு அவருக்கு மனதுக்கு ஒப்பாத விஷயம். ஆனாலும் அதை உரிமையாக்கிய 1973 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குத் தான் கட்டுப்பட்டவன் என்றார். அரசுப் பணம் அதற்குப் போவதை எதிர்த்தார், தீர்ப்பைக் கவிழ்க்கப் புறப்படவில்லை. இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்கினார்.

அப்படியானால் விசுவாசம் பதவிக்குள் எந்த வாசல் வழியாக வந்தது? 1978 செப்டம்பரில், அமெரிக்க அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட்டில் நடந்த சமாதானப் பேச்சைச் சொல்கிறேன்.

எகிப்து அதிபர் சதாத், இஸ்ரேல் பிரதமர் பெகின், நடுவில் கார்ட்டர். பதின்மூன்று நாள். பேச்சு தொடங்கும்போதே மூன்று மதத்தாரையும் ஜெபிக்கச் சொல்லி மூவரும் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். அதெல்லாம் ஆரம்ப நாள் நல்லெண்ணம். சீக்கிரமே இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்க முடியாத நிலை வந்தது. கார்ட்டர் ஒரு குடிலிலிருந்து இன்னொரு குடிலுக்குத் தாளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒருநாள் சதாத் பெட்டியைக் கட்டிவிட்டார். கார்ட்டர் தனியாக ஜெபித்துவிட்டுப் போய் அவரை நிறுத்திவைத்தார்.

கடைசி நாளில் பெகின் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். ஜெருசலேம் பற்றிய ஒரு கடிதம் தடையாக நின்றது. அதற்கு முன்பு பெகின் தன் பேரப்பிள்ளைகளுக்காக மூன்று தலைவர்களும் இருக்கிற போட்டோவில் கார்ட்டரின் கையெழுத்துக் கேட்டிருந்தார். கார்ட்டரின் செயலாளர் அந்தப் பிள்ளைகளின் பெயர்களை விசாரித்து வைத்தார். வெறும் கையெழுத்தைப் போடாமல் ஒவ்வொரு போட்டோவிலும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி, கார்ட்டரே பெகினின் குடிலுக்குக் கொண்டுபோனார். பெகின் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். உதடு நடுங்கியது, கண் கலங்கியது. பேரப்பிள்ளைகளைப் பற்றியும் போரைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன்பின், திருத்தி எழுதிய கடிதத்தை ஏற்றுக்கொள்வதாகப் பெகினிடமிருந்து செய்தி வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் பாலஸ்தீனியர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. அந்தக் குறையோடுதான் அதைப் பேச வேண்டும். ஆனால் எகிப்தும் இஸ்ரேலும் அதற்கு முன்பு திரும்பத் திரும்பப் போருக்குப் போன நாடுகள். 1979 உடன்படிக்கைக்குப் பிறகு அவற்றுக்கு இடையே போர் வரவில்லை. அந்தக் குடிலில் கார்ட்டர் வேத வசனம் எதுவும் சொல்லவில்லை. குரூஸ் சொன்ன 'உன் எதிரில் இருக்கிற ஆள்' அன்று பெகின். எனக்குத் தெரிந்து விசுவாசம் ஒரு நாட்டின் தலைவரிடம் வேலை செய்த மிகச் சுத்தமான தருணம் இதுதான்.

அவர் எப்போதும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை. 1979-ல் சீனத் தலைவர் தெங் சியாவ்பிங் வாஷிங்டன் வந்தபோது, சீனாவில் வழிபாட்டுச் சுதந்திரம் வேண்டும், பைபிள் விநியோகிக்க விட வேண்டும், மிஷனரிகளை மறுபடி அனுமதிக்க வேண்டும் என்று மூன்றைக் கேட்டார். முதல் இரண்டுக்கும் தெங் பிறகு இசைந்தார், மூன்றாவதற்கு இல்லை. வழிபாட்டுச் சுதந்திரத்தை எந்த அதிபரும் கேட்கலாம். மிஷனரிகளுக்காக அதிபர் கேட்டது கோட்டைத் தாண்டியது என்றே நான் நினைக்கிறேன். ஈரானில் மன்னர் ஷாவின் சிறைகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்திருந்தும் 1977 கடைசி நாள் விருந்தில் அவரைப் புகழ்ந்து பேசினார். மனித உரிமையே என் வெளியுறவுக் கொள்கை என்று சொன்னவர் பேசக்கூடிய பேச்சா அது? இன்றும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

இனி அவருடைய தோல்வி. 1980-ல் அவர் தோற்றதற்குப் பல காரணங்கள். விலைவாசி ஏறியது, ஈரானின் தெஹ்ரானில் 52 அமெரிக்கர்கள் 444 நாள் பணயக்கைதிகளாக இருந்தார்கள். ஆனால் உங்கள் கேள்வியோடு சம்பந்தப்பட்ட காரணம் வேறு. கறுப்பினக் குழந்தைகளோடு தங்கள் குழந்தைகள் படிக்கக்கூடாது என்று தென்மாநிலங்களில் நிறைய தனியார் பள்ளிகள் தொடங்கப்பட்டிருந்தன. அவற்றில் பல கிறிஸ்தவப் பெயரில் நடந்தன. பாகுபாடு காட்டும் பள்ளிகளுக்கு வரிவிலக்கை நிறுத்த 1978-ல் வரித்துறை ஒரு விதி கொண்டுவரப் பார்த்தது. சபைத் தலைவர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே ஜெரி ஃபால்வெல் என்ற பிரசங்கியார், கிறிஸ்தவர்களை அரசியலுக்குத் திரட்டும் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கினார். 1980-ல் அவர்கள் ஞாயிறு பள்ளி வாத்தியாரான கார்ட்டரை விட்டுவிட்டு, அவரை எதிர்த்து நின்ற ரீகனிடம் போனார்கள். 'நம்ம ஆள்' என்று 1976-ல் கொண்டாடியவர்களுக்கு, அவர் தங்கள் சொல்படி நடக்க மாட்டார் என்று தெரிந்ததும் அவர் வேண்டாதவர் ஆகிவிட்டார். உங்கள் ஊர்ப் பேச்சுக்குள்ளும் இந்த ஆபத்துதான் இருக்கிறது.

பதவி போன பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நரம்புச்சிலந்தி நோயை மட்டும் சொல்கிறேன். நம் ஊரிலும் ஒரு காலத்தில் இருந்த நோய். குளத்துத் தண்ணீரோடு வயிற்றுக்குள் போகிற புழு, ஒரு வருடம் கழித்து முழ நீளத்துக்கும் மேல் வளர்ந்து காலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் வழி. 1986-ல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சுமார் 35 லட்சம் பேருக்கு அது வந்தது. அவர் தொடங்கிய கார்ட்டர் மையம் ஊர் ஊராக வடிகட்டித் துணியைக் கொண்டுபோனது. 2023-ல் உலகம் முழுவதிலும் 14 பேருக்குத்தான் வந்தது. அந்த நோய் உள்ளவர்களில் ஒருவருக்கும் அமெரிக்கத் தேர்தலில் ஓட்டுக் கிடையாது.

2000-ல், பெண்கள் போதகராகக் கூடாது என்று சொன்ன 'தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு' என்ற சபைக் கூட்டமைப்பிலிருந்து விலகினார். பிளெய்ன்ஸில் அவர் போய்வந்த மாரநாதா சபையில் மனைவி ரோசலின் டீக்கனாக இருந்தார். அந்த ஆலயத்தின் காணிக்கைத் தட்டுகளைக் கார்ட்டரே மரத்தில் செய்தார். புல்வெட்டும் முறை வந்தால் புல்லும் வெட்டினார். ஞாயிறு பாடத்தைக் கேட்க வெளியூர்க்காரர்கள் விடியும் முன்பே வரிசையில் நிற்பார்கள். நீங்கள் எழுதிய போட்டோ அங்கேயும் உண்டு. ஆனால் ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அவரோடு போட்டோ.

2015 ஆகஸ்ட் 20 அன்று, புற்றுநோய் மூளைக்கும் பரவியிருக்கிறது என்று தொண்ணூறு வயதில் நிருபர்களிடம் சொன்னார். மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்தில் இடம் கொள்ளாத கூட்டம் வந்துவிட்டது. ஆலயத்தில் ஒருமுறை பாடம் எடுத்துவிட்டு, உள்ளே வர முடியாதவர்களுக்காகப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அதே பாடத்தை மறுபடி எடுத்தார். மத்தேயு ஐந்தாம் அதிகாரம், 'உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்'.

அன்புடன்.