இரண்டாவதாக வந்தவரின் நேரத்தையும் பாருங்கள்

பெண்கள் தடை ஓட்டம் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த வாரம் பதில் சொல்கிறேன். நான் ஓடியது 400 மீட்டர் தடை ஓட்டம். இப்போது பெண் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் அந்தப் பக்கம் பாசம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம்.

கேள்வி: டோக்கியோ ஒலிம்பிக் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் அமெரிக்காவின் தலைலா முகமது பழைய உலக சாதனையைவிட வேகமாக ஓடியும் வெள்ளிதான் கிடைத்தது. எல்லோரும் பேசுவது தங்கம் வென்ற சக அமெரிக்கர் சிட்னி மெக்லாக்லினைப் பற்றி மட்டும்தான். இது அநியாயம் இல்லையா? (கல்லூரி மாணவி)

அநியாயம் என்று சொல்ல மாட்டேன் அம்மா. முதலில் கோட்டைத் தொட்டவருக்குத்தான் தங்கம். ஆனால் உன் ஆதங்கம் நியாயமானது. அந்த நாளின் கதையைப் பாதிதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். 2003-ல் ரஷ்யாவின் யூலியா பெச்சோன்கினா 52.34 வினாடியில் ஓடினார். அந்த நேரத்தைப் பதினாறு ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியவில்லை. 2019 ஜூலையில், அமெரிக்க சாம்பியன்ஷிப் போட்டியில், மழையில் நனைந்த தடத்தில் தலைலா 52.20 ஓடினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பயிற்சியில் விழுந்து தலையில் அடிபட்டிருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் தோஹா உலகப் போட்டியில் அதையும் உடைத்து 52.16. அன்று இரண்டாவதாக வந்தது இருபதே வயதான சிட்னி, நேரம் 52.23. பதினாறு ஆண்டு நின்ற நேரத்தைவிட வேகமாக ஓடித் தோற்ற முதல் ஆள் சிட்னிதான் என்பதை மறந்துவிடாதே. 2021 ஜூனில் யூஜீன் நகரில் நடந்த ஒலிம்பிக் தேர்வில் அவர் 51.90 ஓடி, 52 வினாடிக்குள் வந்த முதல் பெண் ஆனார். ஆகஸ்ட் 4, டோக்கியோ: சிட்னி 51.46, தலைலா 51.58, நெதர்லாந்தின் ஃபெம்கே போல் 52.03. வெண்கலம் வாங்கிய போல் அதே ஓட்டத்தை இரண்டு மாதம் முன்னால் ஓடியிருந்தால் அதுவே உலக சாதனை!

என்னிடம் வரும் பெண்களிடம் அந்த ஓட்டத்தின் வீடியோவைத் தலைலாவை மட்டும் பார்த்துக்கொண்டே ஒருமுறை பார்க்கச் சொல்வேன். அவர் வெளிப்பக்க லேனில் ஓடினார். சிட்னி அவருக்கு உள்பக்கம், அதாவது பின்னால். யார் துரத்துகிறார்கள் என்று தெரியாமல், முதல் தடையிலிருந்தே முழு வேகம். பத்தாவது தடை வரை அவர்தான் முன்னால். கடைசித் தடைக்குப் பின் இருக்கும் 40 மீட்டரில்தான் சிட்னி தாண்டிப் போனார்.

இந்தப் பந்தயத்தில் காலடிக் கணக்குதான் உயிர். ஒரு தடைக்கும் அடுத்ததற்கும் 35 மீட்டர். எழும்பித் தாண்டி இறங்குவதில் சுமார் மூன்று மீட்டர் போய்விடும், மீதியைக் காலால் அளக்க வேண்டும். 15 ஸ்டெப் வைத்தால் ஒவ்வொரு தடையிலும் ஒரே கால்தான் முன்னால் வரும். 14 வைத்தால் கால் மாறிக்கொண்டே இருக்கும், இரண்டு காலாலும் தாண்டத் தெரிந்திருக்க வேண்டும். ஏழு, எட்டாவது தடைக்கு வரும்போது தொடை கல்லாகிவிடும். 15 என்று போட்ட கணக்கு அங்கே 16, 17 ஆகிவிடும். அந்த ஒரு ஸ்டெப்பில்தான் பந்தயம் போகிறது. சிட்னி 2021 தொடக்கத்தில் 100 மீட்டர் தடை ஓட்டங்களில் போய் ஓடினார். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று சிலர் கேட்டார்கள். தடைகளுக்கு நடுவே காலடி வேகமாக விழுவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

தலைலா அவ்வளவு வேகத்தில் முன்னால் போகாமல் இருந்திருந்தால் 51.46 வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். துரத்த ஓர் ஆள் இருந்ததால்தான் சிட்னி அந்தக் கடைசி 40 மீட்டரை அப்படி ஓடினார். சாதனைப் பட்டியலில் ஒரு பெயர்தான் இருக்கும். அந்த நேரத்தை உண்டாக்கியது இரண்டு பேர்.

கேள்வி: போட்டியாளர் இருந்தால்தான் சாதனை என்று நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்கள். 2022 உலகப் போட்டியில் சிட்னி 50.68 ஓடியபோது பக்கத்தில் ஒருவருமே இல்லையே? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள் ஐயா. அன்று இரண்டாவது வந்த போலின் நேரம் 52.27. ஒன்றரை வினாடிக்கு மேல் வித்தியாசம். சிட்னி அன்று கடிகாரத்தோடுதான் ஓடினார்.

ஆனால் அவ்வளவு வேகத்தில் ஆரம்பித்தாலும் கடைசி வரை தாங்கலாம் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது? தோஹாவிலும் டோக்கியோவிலும் தலைலாவைத் துரத்தியதில் வந்தது. 2022-க்குப் பிறகு சிட்னியும் போலும் தடை ஓட்டத்தில் பெரிய மேடையில் மறுபடி சந்தித்தது 2024 பாரிஸில். அந்த ஆண்டு ஜூன் 30-ல் சிட்னி 50.65. இரண்டு வாரத்தில் ஸ்விட்சர்லாந்தின் லா ஷோ-ட-ஃபோனில் போல் 50.95. 51 வினாடிக்குள் வந்த இரண்டாவது பெண் அவர். ஒரே மைதானத்தில் நிற்காமலேயே நடந்த மோதல் இது.

பாரிஸில் சிட்னி 50.37, அமெரிக்காவின் அன்னா காக்ரெல் 51.87, போல் 52.15. மூன்றாமிடம் வந்ததற்காகப் போலைக் குறை சொன்னவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். வெள்ளி போதும் என்று தன் கணக்கில் ஓடியிருந்தால் அவருக்கு வெள்ளி கிடைத்திருக்கும். தங்கத்துக்காகச் சிட்னியின் வேகத்தில் போனார், கடைசி நேர்கோட்டில் கால் தளர்ந்தது. எனக்கு அந்த வெண்கலத்தின் மேல் பெரிய மரியாதை இருக்கிறது.

கேள்வி: தடையைத் தட்டிவிட்டால் தகுதிநீக்கமா? (பள்ளி மாணவன்)

இல்லை தம்பி. கையாலோ உடம்பாலோ முன்காலின் மேல்பக்கத்தாலோ தடையைத் தள்ளினால் தவறு. காலைத் தடைக்கு வெளிப்பக்கமாக, அதன் மேல்மட்டத்துக்குக் கீழே கொண்டுபோவதும் தவறு. மற்றபடி தெரியாமல் இடித்தால் வேகம் குறையும், அதுவே தண்டனை.

கேள்வி: 2016-ல் அமெரிக்காவின் கென்ட்ரா ஹாரிசன் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் உலக சாதனை படைத்த மாதத்திலேயே ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடமில்லை. அமெரிக்கத் தேர்வு முறையே கோளாறுதானே? (வங்கி ஊழியர்)

முறையில் கோளாறு இல்லை. தேர்வுப் போட்டியில் முதல் மூன்று பேருக்கு இடம், ஹாரிசன் ஆறாவது வந்தார். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 22 அன்று லண்டனில் 12.20. திரையில் முதலில் 12.58 என்று வந்தது. அவரும் அதை நம்பி நின்றார். திருத்திய நேரம் வந்ததும் தரையில் சரிந்துவிட்டார். 1988-ல் பல்கேரியாவின் யோர்டான்கா டோன்கோவா ஓடிய 12.21 இருபத்தெட்டு ஆண்டுக்குப் பின் அன்று விழுந்தது. சாதனைக்காரர் இல்லாமல் ரியோ போன அமெரிக்கப் பெண்கள் மூவரும் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த அணியில் இடம் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2019-லிருந்து 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விழுந்த உலக சாதனைகள் எல்லாமே தேசியப் போட்டியின் இறுதியிலோ, உலகப் போட்டி, ஒலிம்பிக் இறுதியிலோ விழுந்தவை. 100 மீட்டரில் கதை வேறு. டோன்கோவாவின் 12.21 பல்கேரியாவின் ஸ்டாரா சாகோராவில். அதற்கு முந்தைய 12.25, அவருடைய சொந்த நாட்டுப் போட்டியாளர் கின்கா சகோர்ச்சேவா 1987-ல் கிரீஸின் டிராமாவில் ஓடியது. ஹாரிசனுடையது டயமண்ட் லீக் என்ற தொடர் போட்டியில். நைஜீரியாவின் டோபி அமுசான் 12.12 ஓடியது 2022 உலகப் போட்டியின் அரையிறுதியில். எதுவும் உலகப் போட்டி இறுதியில்லை!

காரணம் இருக்கிறது. அங்கே தடைகளுக்கு நடுவே எட்டரை மீட்டர், மூன்றே ஸ்டெப். வேகம் கூடக் கூட அடுத்த தடை முகத்துக்கு நெருங்கி வரும். ஸ்டெப்பை நீட்ட முடியாது, சுருக்கி இன்னும் வேகமாக வைக்க வேண்டும். பக்கத்து லேன்காரி முந்துகிறாளே என்று கொஞ்சம் முறுக்கினாலும் முழங்கால் போய் இடிக்கும். 400-ல் போட்டியாளர் வேகம் கொடுப்பார். 100-ல் அதே ஆள் தாளத்தைக் கெடுத்துவிடுவார். புவேர்ட்டோ ரிக்கோவின் ஜாஸ்மின் கமாச்சோ-குயின் 2016 ரியோ அரையிறுதியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர், தடையில் மோதித் தகுதியிழந்து அழுதுகொண்டு வெளியேறினார். ஐந்து ஆண்டு கழித்து டோக்கியோவில் 12.37-ல் தங்கம். வெள்ளி யாருக்கு? ஹாரிசனுக்கு.

கேள்வி: அமுசானின் 12.12 நேரத்தையே சிலர் சந்தேகித்தார்களே? பிறகு இறுதியில் 12.06 ஓடியும் ஏன் சாதனை இல்லை? (வாசகி)

இரண்டாவதற்கு விடை எளிது. பின்காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் சாதனையாக ஏற்க மாட்டார்கள். அன்று இறுதியில் 2.5. தங்கம் செல்லும், நேரம் பட்டியலில் ஏறாது. அரையிறுதியில் காற்று 0.9 தான், அதனால் 12.12 ஏற்கப்பட்டது. அன்று நிறையப் பேர் தங்கள் சொந்தச் சாதனையை ஓடியதால் கடிகாரம் சரியா என்று அமெரிக்காவின் பழைய ஓட்ட சாம்பியன் மைக்கேல் ஜான்சனே கேட்டார். கேட்டதில் தவறில்லை. ஆனால் அந்த அரையிறுதியில் இரண்டாவதாக வந்த ஹாரிசனின் நேரத்தைப் பாருங்கள்: 12.27. ஆறு ஆண்டு முன் 12.20 ஓடியவர். கடிகாரம் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. 2025-ல் அமெரிக்காவின் மசாய் ரஸ்ஸல் 12.17 ஓடிய பிறகு அந்தப் பேச்சே அடங்கிவிட்டது.

கேள்வி: பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு வினாடியில் பதக்கத்தை விட்டது இன்னும் மனதை அரிக்கிறது. எங்கே தவறியது? (குடும்பத் தலைவி)

எனக்கும்தான். 1984 லாஸ் ஏஞ்சலஸ், பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்த ஆண்டு. அரையிறுதியில் உஷா 55.54-ல் முதலாவது. அவருக்குப் பின்னால் வந்த ஜூடி பிரவுன்தான் இறுதியில் வெள்ளி வாங்கினார். தங்கம் மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கிலுக்கு, 54.61. மூன்றாவது ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41, உஷா 55.42. அந்த வேகத்தில் நூறில் ஒரு பங்கு என்றால் ஏழு சென்டிமீட்டர்தான். இறுதியில் ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆகி மறுபடி கிளம்ப வேண்டியிருந்தது. கோட்டில் நெஞ்சை முன்னால் தள்ளுவதிலும் கொஞ்சம் போயிற்று. ஆனால் இந்தப் பந்தயத்தில் அப்போது அவருக்கு எத்தனை சர்வதேச அனுபவம் இருந்தது? அவரை நெருக்க நாட்டுக்குள் ஓர் ஆள் இருந்தாரா? என் வருத்தம் அங்கேதான். அந்த 55.42-ஐ 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் வித்யா ராம்ராஜ் தொட்டார், நூறில் ஒரு பங்குகூட மாறாமல். அடுத்த நாள் வெண்கலமும் வாங்கினார். ஒரு தேசியச் சாதனை முப்பத்தொன்பது ஆண்டு தனியாக நின்றது பெருமை அல்ல. தாண்டிப் போக ஆளில்லாமல் இருந்தது என்றுதான் அர்த்தம்.

கேள்வி: என் மகளும் அவளோடு பயிற்சி செய்யும் இன்னொரு பெண்ணும் பேசிக்கொள்வதே இல்லை. "அவளை ஜெயிக்கணும்" என்று பயிற்சியாளரும் ஏற்றிவிடுகிறார். இது நல்லதா? (ஒரு தந்தை)

பக்கத்து லேனில் சமமான ஆள் கிடைத்திருப்பது உங்கள் மகளின் பாக்கியம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் தினமும் பந்தயம் வைத்தால் இருவரின் உத்தியும் கெடும். பக்கத்தில் திரும்பிப் பார்க்கும் பெண்ணின் தோள் திரும்பும், தோள் திரும்பினால் பின்கால் முட்டி தடையில் தட்டும். வாரத்தில் ஒரு நாள் முதல் மூன்று தடைக்கு மட்டும் அருகருகே ஓடட்டும். மற்ற நாளில் ஒருத்தி ஓட, மற்றவள் கையில் ஸ்டாப்வாட்சோடு நின்று ஒவ்வொரு தடையிலும் முன்கால் தரையைத் தொடும் நேரத்தைக் குறிக்கட்டும். எந்தத் தடையில் நேரம் போகிறது என்று சொல்லவாவது வாய் திறந்தாக வேண்டும். பயிற்சியாளரிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள், நல்லவர் என்றால் மறுக்க மாட்டார்.

கேள்வி: ஒரு பெண் 50 வினாடிக்குள் வருவாரா? (மென்பொருள் ஊழியர்)

வருவார். 2025 டோக்கியோ உலகப் போட்டியில் சிட்னி தடையில்லாத 400 மீட்டரை 47.78-ல் ஓடினார். கிழக்கு ஜெர்மனியின் மரிட்டா கோச் 1985-ல் ஓடிய 47.60-க்கு அடுத்த நேரம் அது. அதோடு தடைகளுக்காக இரண்டு வினாடி கூட்டினால் 49.78. கணக்குப்படி கதவு திறந்துதான் இருக்கிறது. அதே போட்டியில் 51.54 ஓடித் தடை ஓட்டத் தங்கத்தை வென்ற போல், அதன்பின் 800 மீட்டருக்கு மாறுவதாக அறிவித்துவிட்டார். அதுதான் எனக்குக் கவலை. டோக்கியோவின் அந்த இறுதிக்கும் சிட்னி வரவில்லை, தடையில்லாத 400-க்குப் போயிருந்தார். 50-ஐ உடைக்க எட்டாவது தடையில் அவருக்கு முன்னால் ஓர் ஆள் வேண்டும், அந்தப் பெண் இப்போது ஏதோ ஒரு ஜூனியர் போட்டியில் 14 ஸ்டெப்பா 15-ஆ என்று தடுமாறிக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.