நாமினேஷன் வந்துவிட்டது, சீட் எப்போது வரும்?

கேள்வி: டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே ஒரு ஊரில் இருக்கிறோம். மகளுக்குப் பதினெட்டு வயது. வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் சேர வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவள் ஆசை. ஜனவரியில் எங்கள் தொகுதி காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரின் நாமினேஷன் கடிதம் வந்தது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தோம். இப்போது மார்ச் ஆகிவிட்டது, அகாடமியிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. அதே தொகுதிப் பையன் ஒருவனுக்கு அன்னாபொலிஸ் கடற்படை அகாடமியில் பிப்ரவரியிலேயே இடம் கிடைத்துவிட்டது. மகளுக்குப் பதினான்கு வயதில் இருமல் வந்தபோது டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருந்தார். மெடிக்கலில் அது பற்றி இன்னும் விவரம் கேட்டார்கள், அனுப்பினோம், பதில் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன ஆச்சு?" என்கிறார்கள். காங்கிரஸ் உறுப்பினர் ஆபீசுக்கு நான் போன் செய்யலாமா? இன்னொன்று. சில ராத்திரி, அந்தச் சேர்க்கை ஆர்டர் வராமலே போனால் நல்லது என்றும் தோன்றுகிறது. பெற்றவள் இப்படி நினைக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியைத்தான் இரண்டு மூன்று தடவை படித்தேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற குழப்பத்தைக் கொஞ்சம் தெளிவாக்கிக் கொள்வோம்.

நாமினேஷன் என்பது சீட் இல்லை. சீட்டுக்குப் போட்டியிட ஒரு அனுமதி, அவ்வளவுதான். நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. காங்கிரஸ் உறுப்பினரின் முத்திரையோடு கடிதம் வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது இயல்பு. ஒரு காங்கிரஸ் உறுப்பினர் கணக்கில் ஒரு அகாடமியில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் மட்டுமே படிக்கலாம். நான்கு வருடப் படிப்பு என்பதால், அவர் பங்குக்கு வருடத்துக்குப் பெரும்பாலும் ஒரு இடம்தான் காலியாகும். அந்த ஒரு இடத்துக்குப் பத்து, பதினைந்து பேர் வரை பெயர் கொடுப்பார். சிலர் "இவர்தான் முதல்" என்று வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள். சிலர் வரிசையே போடாமல், தேர்வை அகாடமியிடம் விட்டுவிடுவார்கள். உங்கள் மகளுடையது எந்த வகை என்று அந்த அலுவலகத்தில் கேட்கலாம். சிலர் சொல்வார்கள், சிலர் சொல்ல மாட்டார்கள்.

தொகுதி இடம் இன்னொருவருக்குப் போனாலும் கதை முடிந்துவிடாது. எல்லாத் தகுதியும் பெற்று அந்த இடத்தைத் தவறவிட்டவர்கள் நாடு முழுவதற்குமான காத்திருப்புப் பட்டியலுக்குப் போவார்கள். வகுப்பை நிரப்ப அகாடமி அங்கிருந்தும் ஆள் எடுக்கும். வெஸ்ட் பாயின்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 பேர் சேர்கிறார்கள். முடிவுகள் ஒரே நாளில் வருவதும் இல்லை, குளிர்காலம் தொடங்கி ஏப்ரல் வரை சிறிது சிறிதாக வந்துகொண்டே இருக்கும். மார்ச்சில் மௌனம் என்றால் "இல்லை" என்று அர்த்தம் இல்லை.

அந்தப் பையனை இதில் ஒப்பிடவே வேண்டாம். அவன் அகாடமி வேறு, பட்டியல் வேறு, இடமும் வேறு. அவனுக்குக் கிடைத்ததால் உங்கள் மகளுக்கு ஒன்றும் குறையவில்லை.

இப்போது நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன்: அந்த இன்ஹேலர். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு என்னவோ அதுதான் விஷயம் என்று தோன்றுகிறது. பதின்மூன்று வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததாகப் பதிவானால் ராணுவ மருத்துவ விதிப்படி அது தகுதிக் குறைவு. பதினான்கு வயதில் எழுதிய ஒரு இன்ஹேலர் சீட்டைப் பார்த்தால் டாட்மெர்ப் என்கிற அந்த மருத்துவ வாரியம் கேள்வி கேட்கத்தான் செய்யும். பயப்பட வேண்டாம், நிறையப் பேருக்கு விதிவிலக்கு கிடைத்திருக்கிறது. ஆனால் விதிவிலக்கைத் தருவது வாரியம் அல்ல, அகாடமி. மருத்துவத் தகுதியோ விதிவிலக்கோ கைக்கு வராமல் சேர்க்கை முழுமை ஆகாது. அதனால் இந்த வாரமே மகளை விண்ணப்ப போர்ட்டலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அனுப்பிய காகிதம் போய்ச் சேர்ந்ததா, இன்னும் ஏதாவது நிலுவையில் நிற்கிறதா? அன்றைக்கு டாக்டர் எழுதிய குறிப்பு முழுசாகப் போயிருக்கிறதா? வெறும் மருந்துச் சீட்டு மட்டும் போயிருந்தால், வந்தது சாதாரண இருமலா ஆஸ்துமாவா என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

மகளை என்று சொன்னதைக் கவனித்தீர்களா? போனை நீங்கள் எடுக்க வேண்டாம். அவள் விண்ணப்பம், அவள்தான் பேச வேண்டும். நாளை முப்பது சிப்பாய்களுக்குப் பொறுப்பேற்கப் போகிறவளுக்காக அம்மா போன் செய்து கேட்டால் அது அவளுக்கே கூச்சமாக இருக்கும். புதிய மதிப்பெண், புதிய பரிசு ஏதாவது இருந்தாலும் தன் பகுதிக்கான அட்மிஷன் அதிகாரிக்கு அவளே நாலு வரி எழுதட்டும். சும்மா "என்ன ஆச்சு" என்று கேட்டு மட்டும் எழுத வேண்டாம்.

மற்ற கதவுகளையும் திறந்தே வைத்திருங்கள். பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் மாநிலத்திலேயே டெக்சாஸ் ஏ அண்ட் எம் இருக்கிறது. அங்கே சீருடையோடு வாழும் கேடட் படை உண்டு. அங்கேயோ வேறு கல்லூரியிலோ ஆர்ஓடிசி, அதாவது கல்லூரியிலேயே ராணுவ அதிகாரிப் பயிற்சி தரும் திட்டம், வழியாகப் படித்து முடித்தாலும் வெஸ்ட் பாயின்ட் மாணவர்களைப் போலவே செகண்ட் லெப்டினன்டாகத்தான் வெளியே வருவாள். ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்தால் முதல் இரண்டு வருடத்துக்குக் கட்டாய ஒப்பந்தமும் இல்லை. அங்கே படித்துக்கொண்டே அடுத்த வருடம் அகாடமிக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். இரண்டாவது முயற்சியில் உள்ளே போனவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

என் அக்கா மகன் அப்படிப் போனவன்தான். முதல் வருடம் அவன் காத்திருந்தபோது நான் கொஞ்ச நாள் அவர்கள் வீட்டில் இருந்தேன். தபால் வண்டி சத்தம் கேட்டால் அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவாள். தகவல் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் வரும் என்று தெரிந்தும் போவாள். ஏப்ரலில் "இல்லை" என்று வந்தது. பல வருடம் கழித்து அவன் என்னிடம் சொன்னான்: "கிடைக்கலைன்னதுகூடப் பெருசா தெரியல சித்தி. மாடிப்படியில இருந்து தினம் அம்மா ஜன்னல்ல நிக்கிறதைப் பார்த்தேன் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல."

உங்கள் வீட்டிலும் இப்போது இரண்டு பாரங்கள் இருக்கின்றன. ஒன்று அவளுடையது. இன்னொன்று உங்களுடையது, பொங்கல் இனிப்பு வாங்கிய அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்பது. இரண்டாவதை அவள் தோளில் ஏற்றாதீர்கள். யாராவது கேட்டால், "நாமினேஷன் வந்திருக்கிறது, தேர்வு இன்னும் நடக்கிறது, வந்தால் நானே சொல்கிறேன்" என்று நீங்களே சொல்லி நிறுத்திவிடுங்கள்.

சரி, அந்தக் கடைசி வரி.

நினைக்கலாம், சகோதரி. அதில் ஒரு பாவமும் இல்லை. பெற்ற பெண் ஆயுதம் பழகப் போகிறாள், ஏதோ ஒரு தேசத்துக்கு அனுப்பப்படலாம் என்று தெரிந்தும் பயப்படாத அம்மா இருக்க முடியாது. ஆனால் அந்தப் பயம் உங்கள் முகத்தில் தெரிகிறது என்பதும், அதை அவள் "அம்மாவுக்கு என் மேல் நம்பிக்கை இல்லை" என்று படித்துக்கொண்டிருக்கலாம் என்பதும்தான் எனக்குக் கவலை. வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இப்போதே சொல்லுங்கள், ஆர்டர் வந்து அவள் துள்ளிக் குதிக்கும் நாளில் அல்ல. "நீ போகக் கூடாது என்று இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு என்பது பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு நன்றாகவே புரியும்.

உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஜூன் கடைசியில் உள்ளே போனால் அன்றே வாழ்க்கை எழுதிக் கொடுக்கப்பட்டுவிடுவதில்லை. மூன்றாம் வருடம் தொடங்கும்போதுதான் கட்டாயச் சேவை அவளைப் பிடிக்கும். அதற்கு முன் தனக்கு இது இல்லை என்று தோன்றினால் கடமை ஏதும் இல்லாமல் வெளியே வரலாம். படித்து முடித்தால் ஐந்து வருடம் முழுநேரச் சேவை, பிறகு மூன்று வருடம் ரிசர்வ். இதையெல்லாம் அவளிடமே கேளுங்கள். எந்தப் பிரிவு வேண்டும், ஏன் வேண்டும் என்று கேளுங்கள். காலையில் ஓடிவிட்டு வந்து வாசல்படியில் ஷூ கழற்றும்போது ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும். நாலு வருடமாக ஒரே ஆசையைச் சுமப்பவளிடம் சொல்ல நிறைய இருக்கும்.

ஏப்ரலில் எந்தச் செய்தி வந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இன்ஹேலர் காகிதம் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து.